கட்சிப் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதங்களைச் சான்றாக எடுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழான பிராவ்தாவில் சோவியத் காலத்தில் வந்த வாசகர் கடிதங்களை வாசகர்களே எழுதினார்களா, இல்லை அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார்களா, ஆய்வேட்டில் அவற்றை மக்கள் கருத்துக்குச் சான்றாகக் காட்டலாமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று கடிதம் பிறந்த இடத்தைப் பற்றியது. மற்றது, ஒரே கட்சி ஆளும் நாட்டில் அந்தக் கட்சியின் ஏட்டிலேயே விவாதம் என்று ஒன்று நடக்க முடியுமா என்பது. முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இடம் வேண்டும். நான் ஒரு தமிழ் நாளிதழில் ஆசிரியர் கடிதப் பகுதியைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன். பிறகு ருஷ்ய மொழி கற்று, சோவியத் பத்திரிகை வரலாற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, மைக்ரோஃபிலிம் சுருள்களோடு நெடுங்காலம் கழித்தவன். எனவே கீழே சொல்பவற்றில் பாதி படித்தது, பாதி மேசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை வாசகர்கள் எழுதியவையே. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1970களிலும் 80களிலும் பிராவ்தாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கடிதங்கள் வந்தன. அதாவது நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல். ஆறு பக்கத் தாளில் அவற்றுக்குக் கிடைத்த இடமோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில கடிதங்களுக்கு மட்டும். இவ்வளவு குவியலை வைத்திருக்கும் அலுவலகம் கடிதத்தைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. எந்தக் கருத்து வேண்டுமோ அது எப்படியும் மூட்டைக்குள் இருக்கும், தேடி எடுத்தால் போதும். எங்கள் நாளிதழில் வாரத்துக்கு நூறு இருநூறு கடிதம் வந்த காலத்திலேயே, ஆசிரியர் என்ன நினைக்கிறாரோ அதையே சொல்லும் கடிதம் ஒன்றாவது தபாலில் தவறாமல் இருந்தது. அங்கே சாட்டப்பட வேண்டிய குற்றம் பொய்க் கடிதம் என்பதைவிடத் தேர்வும் திருத்தமும்தான். ருஷ்ய அலுவலகங்களில் கடிதத்தைச் செப்பனிடுவது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது; மொழியைச் சீராக்குவது, நீளத்தை வெட்டுவது, தேவைப்பட்டால் எழுதியவரை நேரில் போய்ப் பார்த்து வாசகங்களைச் சேர்ப்பது எல்லாம் அதில் அடக்கம். கையெழுத்து உண்மை, குரல் பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். பிராவ்தா 1912இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் தொடங்கியபோதே ஆலைத் தொழிலாளர்கள் எழுதி அனுப்பிய சிறு குறிப்புகள்தான் அதன் உயிராக இருந்தன. ஃபோர்மன் அபராதம் போட்டான், கூலியைக் குறைத்தான், கழிவறை இல்லை என்பன போன்ற குறிப்புகள். புரட்சிக்குப் பிறகு, 1920களில், லெனினின் தங்கை மரியா உல்யானவா பிராவ்தாவின் ஆசிரியர் குழுச் செயலாளராக இருந்துகொண்டு, இப்படி எழுதுபவர்களைத் தொழிலாளர் நிருபர், கிராம நிருபர் என்ற இயக்கமாக வளர்த்தார். அது ஆபத்தான வேலையாகவும் இருந்தது. 1924 மார்ச்சில் தெற்கு உக்ரைனின் டிமோவ்கா என்ற கிராமத்தில், உள்ளூர் அதிகாரிகளின் ஊழலைப் பத்திரிகைகளுக்கு எழுதிவந்த மலினோவ்ஸ்கி என்ற கிராம நிருபர் கொல்லப்பட்டார். கொலையில் கிராம நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள். வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1925 ஜனவரியில் ஸ்டாலினே அதைப் பற்றி ஒரு கட்சிக் கூட்டத்தில் பேசினார். பத்திரிகைக்குப் போன கடிதம் கிராமத்தில் ஒருவனின் பதவியைப் பறிக்கக்கூடியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி கிடையாது. வெறும் அலங்காரத்துக்காக யாரும் கொலை செய்யமாட்டார்கள்.

நம்மூர் வாசகர்களுக்கு எளிதில் பிடிபடாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சோவியத் பத்திரிகையில் கடிதத்தின் முக்கியமான வாழ்க்கை அச்சுக்கு வெளியே நடந்தது. உறையைப் பிரித்ததும் கடிதத்துக்கு எண் போட்டு அட்டையில் பதிவார்கள்: ஊர், தொழில், பொருள். ஓட்டை வீடு, ஓய்வூதியக் கணக்கில் பிழை, கூட்டுப்பண்ணைத் தலைவரின் குடிப்பழக்கம், கடையில் செருப்பு கிடைக்காதது என்று வகை பிரிப்பார்கள். பெரும்பாலானவை சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு, பதில் கேட்டு அனுப்பப்படும். குடிமக்களின் புகார்களை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், யார் மீது புகாரோ அவரிடமே அதை அனுப்பக் கூடாது என்று 1968இல் ஓர் ஆணை போட்டார்கள். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டதே, அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆணைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. இன்னொரு பிரதி, தொகுப்பறிக்கையாக, மேலே கட்சியின் மத்தியக் குழுவுக்குப் போகும். எந்த மாகாணத்திலிருந்து இறைச்சித் தட்டுப்பாடு பற்றி இந்த மாதம் எத்தனை கடிதம், என்ன தொனியில், யாருடைய பெயர் அடிக்கடி வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். தேர்தலில் ஒரே வேட்பாளர் நிற்கிற நாட்டில், ஆட்சியாளருக்கு நாடித்துடிப்பு தெரிய இருந்த சில வழிகளில் இது ஒன்று. அச்சில் நீங்கள் பார்ப்பது, ஒரு புகார் அலுவலகத்தின் வாசலில் மாட்டிய கண்ணாடிப் பெட்டி மட்டுமே. அதனால்தான் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற தலைப்பில், முன்பு வெளியான கடிதத்தின் பேரில் இன்னார் கண்டிக்கப்பட்டார், இன்னார் பதவி நீக்கப்பட்டார் என்று வரும் சிறு பகுதிகளைக் கடிதங்களைவிடக் கவனமாகப் படிக்கச் சொல்வேன்.

இனி விவாதம். கட்டுப்படுத்தப்பட்ட விவாதம் என்றால் எதிர்க் கருத்தே வராத விவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எதிர்க் கருத்து வரும். எப்போது வரலாம், எந்த உயரம் வரை குறிபார்க்கலாம், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் கட்சி கையில் வைத்திருந்தது. சிறந்த உதாரணம் 1936. கருக்கலைப்பை 1920 முதல் சட்டப்படி அனுமதித்திருந்த நாடு அதைத் தடை செய்ய முடிவெடுத்து, மே 26ஆம் தேதி மசோதாவை மத்தியப் பத்திரிகைகளில் வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது. மசோதாவில் வேறு சங்கதிகளும் இருந்தன: பல பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு உதவித்தொகை, விவாகரத்துக் கட்டணத்தை முதல் முறை 50 ரூபிள், இரண்டாம் முறை 150, அதற்கு மேல் 300 என்று உயர்த்துவது. கடிதங்கள் கொட்டின. ஆச்சரியமாக, எதிர்த்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கும்போது இன்னொரு குழந்தையை எங்கே கிடத்துவது, படித்துக்கொண்டிருக்கும் மாணவி என்ன செய்வாள், காப்பகத்தில் இடமில்லையே என்று பெண்கள் பெயரோடு எழுதினார்கள். அவர்கள் தடை என்ற கொள்கையை நேரடியாகச் சாடியதைவிட, வீடு இல்லை, காப்பகம் இல்லை என்று வாழ்க்கை நிலையைச் சொல்லி வாதாடியதுதான் அதிகம். அந்த எல்லையை யாரும் எழுதி வைக்கவில்லை என்றாலும் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது என்பது என் கணிப்பு. ஒரு மாதம் கழித்து, ஜூன் 27ஆம் தேதி, தடை அதன் மையம் மாறாமல் சட்டமானது. விவாதம் அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அதே பத்திரிகையில் அதே பெண்கள் அதே வீட்டுப் பிரச்சினையை அந்தக் கோணத்தில் எழுத முடியாது. தடை 1955இல்தான் நீங்கியது.

இதை நாடகம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாமா? முடிவைப் பொறுத்தவரை நாடகம்தான்; மசோதா போட்டவர்களுக்கு விடை முன்பே தெரியும். ஆனால் பங்கெடுத்தவர்கள் நடிக்கவில்லை. வீட்டு வசதியைப் பற்றி 1936இல் மாஸ்கோப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தச் சில வாரப் பத்திரிகைகளைப் போல வெளிப்படையான அச்சுச் சான்று குறைவு. எத்தனை பேர் அப்படி நினைத்தார்கள் என்பதற்கு மட்டும் அது சான்றாகாது. ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடையே பக்கத்தில் தெரியும் விகிதம் ஆசிரியர் குழு வைத்த விகிதம்.

எந்த உயரம் வரை குறிபார்க்கலாம் என்பதற்கு 1930 நல்ல பாடம். கூட்டுப்பண்ணைக்குள் விவசாயிகளை அடித்துத் துரத்திச் சேர்த்த குளிர்காலம் முடிந்து, மார்ச் 2ஆம் தேதி ஸ்டாலின் பிராவ்தாவில் ஒரு கட்டுரை எழுதி, வெற்றியில் தலைகிறுகிறுத்துப் போன உள்ளூர் ஊழியர்கள்தான் அத்துமீறினார்கள் என்றார். தனக்குக் கடிதங்கள் வந்து குவிந்ததைச் சொல்லி ஏப்ரல் 3ஆம் தேதி அவற்றுக்கு அதே ஏட்டில் பதிலும் எழுதினார். அந்த ஜூனில், 16ஆவது கட்சி மாநாட்டுக்கு முன்னதாக, பிராவ்தாவோடு விவாதத் தாள் என்ற தனிப்பகுதி வந்தது. மாநாட்டுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் உறுப்பினர்கள் மனம் திறந்து எழுத ஏற்பாடான இடம் அது. 1927இல் கட்சிக்குள் ஸ்டாலினை எதிர்த்த எதிரணியின் மாற்று அறிக்கையும் அப்படி ஒரு தாளில்தான் அச்சாயிற்று. 1930இல் அதில் எழுதிய ஒரு உறுப்பினர், தலை கிறுகிறுத்தது யாருக்கு என்று கேட்டுவிட்டார். ராஜா நல்லவர், கீழே இருக்கும் அதிகாரிகள்தான் மோசம் என்ற பழைய கதை போல இருக்கிறதே என்று எழுதினார். கட்டுரை அச்சாயிற்று, உடனே அது வர்க்க எதிரியின் குரல் என்று சாடப்பட்டது. நியாயமாகப் பார்த்தால் அவர் விதியை மீறவே இல்லை. விவாதத் தாளில் விவாதித்தார், அவ்வளவுதான். அந்த மனிதர் கேட்டதைவிடச் சிறிய கேள்விகள் ஆண்டு முழுக்க அந்தப் பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருந்தன. மேலாளரைத் திட்டலாம், மாவட்டச் செயலாளரைத் திட்டலாம், சில காலங்களில் அமைச்சரையும் திட்டலாம். கொள்கையை நிறைவேற்றுபவன் யாரும் பலியாகலாம். கொள்கையை வகுத்தவரைக் காட்டும் விரல்தான் வெட்டுப்படும்.

ஒரே ஏடு ஒரே மனிதரை இரண்டு விதமாக நடத்தியதையும் பார்க்கலாம். 1958இல் குருஷ்சேவ் பள்ளிக் கல்வியைத் திருத்தி மாணவர்களை உற்பத்தி வேலைக்கு அனுப்பும் திட்டத்தை விவாதத்துக்கு விட்டபோது, நவம்பர் 19ஆம் தேதி பிராவ்தாவில் இரண்டு இயற்பியலாளர்கள், கணிதத்திலும் இயற்பியலிலும் திறமையுள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்று எழுதினார்கள். ஒருவர் யாகவ் ஸெல்தோவிச், மற்றவர் ஆந்திரேய் சகாரோவ். அந்த விவாதத்தில் பெற்றோரும் விஞ்ஞானிகளும் சொன்னவற்றுக்கு ஓரளவு பயன் இருந்தது. டிசம்பரில் வந்த சட்டம் முதல் யோசனையைவிட மென்மையாகவே இருந்தது. மேலிடத்திலேயே ஒருமித்த கருத்து இல்லாதபோது கீழேயிருந்து வரும் கடிதத்துக்கு எடை கூடும் என்பது நான் பல இடங்களில் கண்டது. 15 ஆண்டுகள் கழித்து, 1973 ஆகஸ்ட் 29 அன்று, அதே பிராவ்தாவில், அதற்குள் அரசை வெளிப்படையாக விமர்சிப்பவராகிவிட்ட சகாரோவைக் கண்டித்து 40 அறிவியல் கழக உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. அடுத்தடுத்த நாள்களில் எழுத்தாளர்கள், இசைக் கலைஞர்கள், தொழிலாளர்கள் என்று வரிசையாகக் கண்டனக் கடிதங்கள். இவையும் "கடிதங்கள்" என்ற தலைப்பில்தான் வந்தன என்றாலும், ஓட்டைக் கூரையைப் பற்றி எழுதும் கிழவியின் கடிதத்தோடு இவற்றை ஒரே பையில் போடக் கூடாது. இவை திரட்டப்பட்டவை. கையெழுத்துகள் போலி இல்லை, ஆனால் கேட்டு வாங்கியவை. மறுக்க முடிந்தவர்களும் இருந்தார்கள். புகழ்பெற்ற இயற்பியலாளர் பியோத்தர் கபிட்சா கையெழுத்துப் போடவில்லை. அவர் அளவுக்குப் பெயரும் புகழும் இல்லாத ஓர் ஆய்வக ஊழியருக்கு அதே துணிவு என்ன விலையாகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் கையெழுத்திட்டவர்களை எடைபோட வேண்டும்.

சீர்திருத்தங்களைக் கொண்டுவந்த கோர்பசேவ் காலத்தில் இந்த இயந்திரம் முழுவதும் கண் முன்னாலேயே கழன்றது. 1986 பிப்ரவரி 13ஆம் தேதி, 27ஆவது மாநாடு தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, பிராவ்தா வாசகர் கடிதங்களைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. தலைமைக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவே அசையாத, பிசுபிசுப்பான கட்சி நிர்வாகப் படலம் ஒன்று படிந்துகிடக்கிறது, அதற்கு மாற்றம் வேண்டாம் என்றது ஒரு கடிதம். அதிகாரிகளுக்கென்று தனிக் கடை, தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. மாநாட்டு மேடையிலேயே கட்சியில் கோர்பசேவுக்கு அடுத்த நிலையில் இருந்த லிகாச்சேவ் பிராவ்தாவைக் கண்டித்தார். மத்தியக் குழுவின் சொந்த ஏட்டை மத்தியக் குழுச் செயலாளர் ஒருவர் பகிரங்கமாகக் கடிந்துகொள்வது சாதாரணம் அல்ல. கடிதம் என்ற போர்வையில் மேலிடத்துச் சண்டை பத்திரிகைக்கு இறங்கியிருந்தது.

1988இல் அது இன்னும் வெளிப்படையாயிற்று. மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, சோவெத்ஸ்கயா ரஷ்யா நாளிதழ், லெனின்கிராடில் வேதியியல் கற்பித்த நீனா ஆந்த்ரேயவா எழுதியதாக ஒரு பக்க அளவுக் கடிதம் ஒன்றை வெளியிட்டது. தன் கொள்கைகளை விட்டுக்கொடுக்க முடியாது என்பது தலைப்பு. ஸ்டாலின் காலத்தை இழித்துப் பேசுகிறார்கள், இளைஞர்கள் குழம்பிப்போகிறார்கள் என்பது சாரம். மறுநாள் கோர்பசேவ் யுகோஸ்லாவியாவுக்குக் கிளம்பினார். அதே நாளில் லிகாச்சேவ் பத்திரிகை ஆசிரியர்களின் கூட்டத்தில் கடிதத்தைப் பாராட்டினார். மாகாணப் பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்தன. மூன்று வாரம் பெரும்பாலும் யாரும் எதிர்த்து வாய் திறக்கவில்லை. இதுதான் கட்சிக் கொள்கை போலும், காற்று திரும்பிவிட்டது என்று ஆசிரியர்கள் எண்ணிக்கொண்டார்கள். மார்ச் கடைசியில் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ இரண்டு நாள் அதைப் பேசியது. ஏப்ரல் 5 அன்று பிராவ்தா கையொப்பமில்லாத நீண்ட மறுப்புக் கட்டுரையைப் போட்டது. அதன் பின்னால் இருந்தவர் முக்கியமாக, தலைமையில் சீர்திருத்தத்தின் பக்கம் நின்ற அலெக்சாந்தர் யாகவ்லேவ். மறுநாள் சோவெத்ஸ்கயா ரஷ்யா அந்த மறுப்பைத் தானே மறுபிரசுரம் செய்தது. இவ்வளவும் உறுதியானவை. அந்தக் கடிதம் அந்த அம்மையாரிடமிருந்தே கிளம்பியது என்பதும், பத்திரிகை ஊழியர் ஒருவர் லெனின்கிராடு போய் அதை விரித்தெழுத உதவினார் என்பதும் ஏறக்குறைய உறுதி. லிகாச்சேவ் அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்தாரா என்பது சந்தேகத்துக்குரியது. அவர் கடைசிவரை மறுத்தார், எதிர்த்தரப்பினர் கடைசிவரை நம்பவில்லை. ஆய்வேட்டில் இதை முடிந்த முடிவாக எழுதாதீர்கள்.

எனக்கு அந்த மூன்று வார மௌனம்தான் கடிதத்தைவிடப் பெரிய ஆவணமாகத் தெரிகிறது. எங்கள் நாளிதழில் நான் நிராகரித்த கடிதத்தை எழுதியவர் அதையே அடுத்த தெருவிலிருக்கும் இன்னொரு பத்திரிகைக்கு அனுப்புவார். பல முறை அங்கே வந்துமிருக்கிறது, எனக்கு வெட்கமாகவும் இருந்திருக்கிறது. சோவியத் நாட்டிலோ அடுத்த தெருப் பத்திரிகையும் அதே சமிக்ஞைக்குக் காத்திருந்தது. தேர்வும் திருத்தமும் எல்லா ஊர்க் கடிதப் பகுதியிலும் உண்டு. வேறுபாடு இந்த ஓர் இடத்தில்தான்.

சீனத்தில் இது எப்படி என்றும் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். என் துறை ருஷ்ய ஏடுகள் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1957 வசந்தத்தில் விமர்சியுங்கள் என்று கட்சியே அழைத்து, அறிவாளிகள் விமர்சித்த பிறகு, ஜூன் 8ஆம் தேதி மக்கள் தினசரி ஏட்டின் தலையங்கம் எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. அதற்குப் பிடித்துக்கொண்ட கொழுக்கொம்பு, கட்சியை ஆதரித்துப் பேசிய லூ யூவென் என்பவருக்கு வந்த ஒரு மிரட்டல் மொட்டைக் கடிதம். விவாதத்தைத் திறக்கவும் கடிதம் உதவும், மூடவும் உதவும்.

ஆய்வேட்டுக்கு வருவோம். எத்தனை சதவீதம் பேர் எதை ஆதரித்தார்கள் என்று காட்ட இந்தக் கடிதங்களை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அன்றாட வாழ்க்கையின் குறைகள், மக்கள் அதிகாரிகளிடம் பேசிய மொழி, எதைச் சொன்னால் காது கொடுப்பார்கள் என்று அவர்கள் கணித்தது, இவற்றுக்குத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று குறிப்பு எழுதி வையுங்கள்: அது தானாக வந்ததா, அழைப்பின் பேரில் வந்ததா, திரட்டப்பட்டதா, அதில் குற்றம் சாட்டப்படும் மிக உயர்ந்த பதவி எது, அதே பொருளில் முதல் கடிதமும் கடைசிக் கடிதமும் எந்தத் தேதியில் வந்தன. ஆவணக் காப்பகத்தில் தொகுப்பறிக்கைகள் கிடைக்குமானால் அச்சான பக்கத்தை அவற்றோடு ஒப்பிடுங்கள். மூட்டையில் இருந்து பக்கத்துக்கு வராமல் போனது எது என்பது அங்கேதான் தெரியும். தொடங்குவதற்கு 1936 மே 26 முதல் ஜூன் 27 வரையிலான பிராவ்தாவையும் அரசு நாளிதழான இஸ்வெஸ்தியாவையும் நாள் வரிசையில் எடுத்துக்கொண்டு, எதிர்ப்புக் கடிதங்கள் எந்த நாளிலிருந்து மெலிகின்றன என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு வார வேலைதான்.